கறுப்பு வண்டி கொடுத்த முப்பத்திரண்டு மைல்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலியில், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே அதற்கு எத்தனை குதிரைசக்தி, வால்வு பக்கவாட்டில் இருக்கிறதா தலையில் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். பழைய பேப்பர் கடையில் ஆங்கில மோட்டார் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வந்து வரி விடாமல் படிப்பேன். ஸ்டியரிங்கைப் பிடித்தறியாதவனுக்கு இவ்வளவு ஞானம் எதற்கு என்று என் மனைவி கேட்பாள். அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொள்வேன்.

சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டி அகற்றும் வேலையில் ஒரு பங்கை எடுத்திருந்த வெளியூர் கான்ட்ராக்ட் கம்பெனியில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. டவுன்ஷிப்பின் விளிம்பில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட இரண்டு ஷெட்டுகள்தான் எங்கள் ஆபீஸ். அதை ஒட்டி அதே மாதிரிக் கூரையில் ஆறு தற்காலிகக் குவார்ட்டர்ஸ். அதில் ஒன்றில் நானும் மனைவியும் இருந்தோம். டைப் அடிப்பதோடு, எத்தனை மைல் ஓடியது, எவ்வளவு பெட்ரோல் போட்டது என்று டிரைவர்கள் எழுதும் லாக் புத்தகத்தைச் சரிபார்ப்பதும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்றா சொன்னேன்? நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கம்பெனிக்கு இரண்டு கார்கள். ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. செய்த கம்பெனிகளின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த வகை வண்டிகளை வைத்திருந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒன்றை உயர்த்திச் சொன்னால் மற்றவர் சண்டைக்கு வருவார்.

கறுப்பு வண்டி இங்கிலாந்தில் செய்தது. வெள்ளைக்காரன் கிளம்பின சமயத்தில் கப்பலில் வந்து இறங்கியது. பத்துக் குதிரை என்று பெயர், உண்மையில் முப்பது குதிரைசக்தி கொடுக்கும். பக்கவாட்டு வால்வு. மூன்றே கியர், தரையிலிருந்து நீளமாக எழும்பி நிற்கும் கம்பியில். ஆறு வோல்ட் பேட்டரி என்பதால் சாயங்காலம் விளக்கைப் போட்டால் எதிரே வருகிறவனுக்கு நாம் வருவது தெரியுமே தவிர நமக்குப் பாதை தெரியாது. பச்சை வண்டி இந்தியாவிலேயே பூட்டியது. தலை வால்வு, பன்னிரண்டு வோல்ட், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், அதுவும் நான்கு. ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். எழுபதுக்கு மேல் போகும். கறுப்பு வண்டி ஐம்பதைத் தொடும்போதே கதவெல்லாம் பேச ஆரம்பித்துவிடும்.

பத்து மணி டீக்கு இரண்டு டிரைவர்களும் ஷெட்டுக்குப் பின்னால் கூடுவார்கள். நானும் போய் நிற்பேன். பச்சை வண்டிக்காரர் மதுரைப் பக்கம், அமைதியானவர், வம்புக்கு மட்டும் வாய் திறப்பார்.

"உங்க வண்டியில எத்தனை குதிரைண்ணே? பத்தா? அதுல எட்டு நொண்டியாமே."

கறுப்பு வண்டிக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே பதில் சொல்வார்.

"குதிரைய எண்ணிகினு என்னா பண்றது? புல்லு எவ்ளோ திங்குதுன்னு பாரு. ஒன்னுது திங்கற புல்லுக்கு ரெண்டு யானை கட்டி மேய்க்கலாம்."

இவர் உள்ளூர்க்காரர். சுரங்கத்துக்கு எடுத்த நிலத்தில் இருந்த ஒரு காலனியில் பிறந்தவர். நிலம் அவருடையது இல்லை. அப்பாவும் தாத்தாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். ஊரை எடுத்தபோது நிலக்காரர்களுக்குக் கிடைத்ததில் இவர்களுக்குப் பங்கில்லை. வடலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மேட்டைக் காட்டி அங்கே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், குடிசைகளைப் போட்டுக்கொண்டார்கள். பஸ் அந்தப் பக்கம் போகாது. இவர் எப்படியோ லாரிகளில் தொற்றி, கிளீனராகி, டிரைவராகி, எங்கள் கம்பெனியில் தினக்கூலி டிரைவராக வந்து சேர்ந்தார். மூன்று பெண் குழந்தைகள். அந்த மேட்டில் மாதச் சம்பளம் என்ற ஒன்றை எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தவர் இவர் ஒருவர்தான்.

ஆகவே அந்த மேட்டில் யாருக்கு என்ன வந்தாலும் இவரிடம் ஓடி வருவார்கள். காய்ச்சல், பாம்புக்கடி, பிரசவம், அடி. இன்ஜினீயரைச் சுரங்கத்தில் இறக்கிவிட்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டிய வண்டி அப்படியே மேட்டுப் பக்கம் போய்வரும். புறப்படும் முன் டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு மீட்டர் கேபிளின் திருகைக் கழற்றிவிடுவார். வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. அந்த நாளில் டிரைவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான் இது. மற்றவர்கள் வாடகைக்கு ஆள் ஏற்றுவதற்குச் செய்தார்கள். இவர் யாரிடமும் ஒரு பீடிகூட வாங்கினதில்லை.

எப்படித் தெரியும் என்றால், நானே அந்த வண்டியில் போயிருக்கிறேன்.

என் மனைவி ஐந்து மாதமாக இருந்தாள். ஒரு நாள் பட்டப்பகலில், அடுப்பில் உலை வைத்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு அம்மாள் ஆபீசுக்கு ஓடி வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது தரையெல்லாம் ரத்தம். டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே பார்த்துவிட்டு, கடலூருக்குக் கொண்டுபோவதுதான் நல்லது, உடனே போங்கள் என்றார்கள். உடனே எதில் போவது? நான் வராந்தாவில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யார் சொன்னார்களோ, கறுப்பு வண்டி வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கி வந்து, "தூக்குங்க சாரு, யோசன பண்ணிகினு நிக்காதீங்க" என்றார். வண்டியில் ஏறியதும் அவர் கை டாஷ்போர்டுக்கு அடியில் போனதைப் பார்த்தேன். வடலூர், குறிஞ்சிப்பாடி, கடலூர். வழியெல்லாம் முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. குழந்தை தங்கவில்லை. அவள் தங்கினாள். அரை மணி தாமதித்திருந்தால் இரண்டும் இல்லை என்று கடலூர் டாக்டரம்மா சொன்னார்.

மறுநாள் லாக் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு எதிரே 'மைன்ஸ், காத்திருப்பு' என்று எழுதியிருந்தார். நான் சரிபார்த்துச் சிவப்பு மையில் டிக் போட்டேன்.

இப்படியெல்லாம் பெட்ரோல் போக, மைல் ஏறாமல் இருந்ததால், புத்தகக் கணக்கில் கறுப்பு வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்குப் பத்தொன்பது மைல்தான் கொடுத்தது. பச்சை வண்டி இருபத்து நான்கு. பழைய வண்டி, குடிக்கத்தான் செய்யும் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அவருக்குப் பெரிய பாதுகாப்பு என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் கம்பெனிக்கு வேலை சுருங்கியது. எங்கள் பங்கில் பாதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆட்களைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு கார் போதும், மற்றதை ஏலம் விடலாம். ஒரு டிரைவர் போதும். வைத்துக்கொள்ளும் டிரைவருக்கு மாதச் சம்பளமும் ஒரு குவார்ட்டர்ஸும் உண்டு.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவரைத் திட்டிவிட்டு இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எதையும் எண்ணில் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். லாக் புத்தகங்களைக் கொண்டுவரச் சொன்னார். பெட்ரோல் பங்கில் லிட்டர் வந்த பிறகும் அவர் காலனை விடவில்லை. இரண்டு புத்தகத்தையும் பார்த்துவிட்டு, "கறுப்பை ஏலத்துக்குப் போட்டுடலாம். அந்த டிரைவருக்கு நல்ல சர்டிபிகேட் ஒண்ணு அடிச்சுக் கொடு, பாவம், வேற எங்கயாவது சேர்ந்துக்கட்டும்" என்றார்.

அங்கேயே தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்ததா?

"லாக் புத்தகத்தை வச்சு முடிவு பண்றது சரியில்லை சார். காத்திருக்கும்போது எஞ்சின் ஓடியிருக்கும், மேடு பள்ளம் இருக்கும். ரெண்டு வண்டியையும் ஒரே ரோட்ல, ஒரே நாள்ல ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும். பத்திரிகைக்காரங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

மேனேஜரின் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனை. நீயே ஏற்பாடு பண்ணு. கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் ஒண்ணு தயார் பண்ணு" என்றார்.

நான் பறந்தேன். ஃபுல்ஸ்கேப் தாளைக் குறுக்கே போட்டு, இரண்டு வண்டிக்கும் இரண்டு பத்தி. எஞ்சின், வால்வு, கியர், எடை, தரைக்கும் அடிப்பாகத்துக்கும் இடைவெளி, அதிக வேகம், மேட்டில் இழுவை, காலையில் ஒரே திருகில் கிளம்புகிறதா, சேற்றில் போகிறதா, காலனுக்கு எத்தனை மைல். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக எதையும் டைப் அடித்ததில்லை. கறுப்பு வண்டிக்காரரைத் தனியாக அழைத்துப் போய், பிளக்கை எடுத்துத் தேய்த்து இடைவெளியைச் சரிபண்ணச் சொன்னேன். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டச் சொன்னேன். கார்புரேட்டரில் எந்தத் திருகை எவ்வளவு தள்ளினால் பெட்ரோல் மெலிந்து போகும் என்று பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். அவர் தயங்கினார்.

"இதெல்லாம் எதுக்குங்க சாரு? போவணும்னு இருந்தா போறேன்."

"சும்மா இருங்கண்ணே. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த கம்பீரம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது, நினைவு வரும்போதெல்லாம் என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சோதனை. முதலில் சுரங்கத்துக்கு இறங்கும் பாதையில் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு கீழிருந்து மேலே ஓட்டிப் பார்த்தோம். பச்சை வண்டி மூன்றாவது கியரிலேயே ஏறியது. கறுப்பு வண்டி பாதியில் முனகி, முதல் கியருக்கு இறங்கி, ரேடியேட்டரில் ஆவி விட்டுக்கொண்டு மேலே வந்தது. வேகத்திலும் பச்சைதான். சேற்றில் கறுப்பு. உயரமான சக்கரம், ஒல்லியான டயர், நின்ற இடத்திலிருந்து வழுக்காமல் வெளியே வந்துவிட்டது. மூன்று வரியில் இரண்டு போய்விட்டதே என்று தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கடைசியில் பெட்ரோல். இரண்டு டாங்கிலும் கழுத்து வரை நிரப்பினோம். வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பு போய், ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் திரும்பி வர வேண்டும். முப்பத்திரண்டு மைல். கறுப்பு வண்டியில் முன்னால் மேனேஜர், பின்னால் நான். நாற்பதைத் தாண்டாமல், கியரை வீணாக மாற்றாமல், மாட்டு வண்டி குறுக்கே வந்தால்கூடத் தூரத்திலிருந்தே காலை எடுத்து, பிரேக்கைத் தொடாமல் அவர் ஓட்டினார். மீட்டர் கேபிள் மாட்டியிருந்தது, மைல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. திரும்பி வந்ததும் அளவுக் குவளையால் டாங்கை மறுபடி கழுத்து வரை நிரப்பினோம். பச்சை வண்டி ஒன்றே கால் காலன் குடித்திருந்தது. கறுப்பு வண்டிக்குச் சரியாக ஒரு காலன்.

காலனுக்கு முப்பத்திரண்டு மைல். நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். பச்சை வண்டிக்காரர்கூட வந்து, "நொண்டிக் குதிரை ஜெயிச்சிருச்சேண்ணே" என்று தோளைத் தட்டினார். கறுப்பு வண்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வண்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓட்டின களைப்பு என்று நினைத்தேன். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. பத்திரிகை படிக்கிற எனக்குத்தான் புரியவில்லை.

திங்கட்கிழமை என் ஸ்டேட்மென்டை மேனேஜர் மேசையில் வைத்துப் படித்தார். கடைசி வரியில் பென்சில் நின்றது. லாக் புத்தகத்தைக் கேட்டார். பச்சை வண்டிக்குப் புத்தகத்தில் இருபத்து நான்கு, ரோட்டில் இருபத்தைந்தரை. அது சரி. கறுப்பு வண்டிக்குப் புத்தகத்தில் பத்தொன்பது. ரோட்டில் முப்பத்திரண்டு.

"நல்லா ஓட்டியிருக்கான், ட்யூன் பண்ணியிருக்கான், ஒத்துக்கறேன். அதுக்காகப் பதிமூணு மைல் வித்தியாசம் வராது. ஒவ்வொரு காலன்லயும் கால் காலனுக்கு மேல வேற எங்கயோ போயிருக்கு. ரெண்டு வருஷமா."

காத்திருப்பு, எஞ்சின் ஓடியிருக்கும் என்று ஏதோ உளறினேன். "அவ்வளவு பெட்ரோல் தீர நின்ன இடத்துல ஓடினா எஞ்சின் உருகிடும்" என்றார். சரிதான். என்னைவிட அவருக்குக் கணக்கு நன்றாக வரும்.

டிரைவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, கைகளைப் பின்னால் கட்டாமல், தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"ஏம்பா, பெட்ரோல் எங்க போச்சு? உண்மையைச் சொன்னா போலீசுக்குப் போக மாட்டேன். எழுதிக் கொடுத்துட்டு இன்னிக்கே நின்னுக்கோ. மறைச்சா ஸ்டேஷனுக்குத்தான் போகணும்."

மேனேஜரின் நாற்காலிக்கு இரண்டடி தள்ளி நான் நின்றிருந்தேன். டிரைவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் ஒருவேளை நான் பேசியிருப்பேன். இப்படிச் சொல்லித்தான் சில நாள் மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன்.

"வித்துட்டேங்க" என்றார்.

மேனேஜர் பெருமூச்சு விட்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "டைப் பண்ணிக் கொண்டா" என்றார் என்னிடம்.

வெளி அறையில் மெஷினில் தாளைச் சொருகினேன். அவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார். விரல் எழுத்தில் விழவில்லை. குனிந்து, மெதுவாக, "உள்ள போயிச் சொல்லிடறேண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போனதுதான்னு சொல்லிடறேன்" என்றேன்.

"யாரு யாருன்னு கேப்பாரு. எத்தினி பேரச் சொல்லுவீங்க? மொத பேரு ஒங்க பேருதான வரும். மீட்டரக் கயட்டனது தெரிஞ்சிகினே டிக்கு போட்டாருன்னு ஒங்களயும் அனுப்பிடுவாரு." சற்று நிறுத்தினார். "எங்க வூட்டுல கூலி வேல பழக்கம்ங்க. ஒங்க வூட்டம்மா களை எடுப்பாங்களா? அடிங்க சாரு."

நான் அடித்தேன். கம்பெனிக்குச் சொந்தமான பெட்ரோலைப் பலமுறை திருடி வெளியாருக்கு விற்றேன் என்பதை நானே மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். கார்பன் வைத்து மூன்று பிரதி. பிழையே இல்லாமல் வந்தது. அவர் ஒவ்வொரு எழுத்தாக வரைந்து தன் பெயரைப் போட்டார். உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மேனேஜர் பார்த்துவிட்டு, பேனாவின் பின்புறத்தால் தாளின் அடியைத் தட்டினார்.

"சாட்சி வேணுமே. நீ போடு."

போட்டேன். மூன்று பிரதியிலும் போட்டேன்.

முப்பத்திரண்டு மைல் கொடுக்கிற வண்டியை யார் விற்பார்கள்? பச்சை வண்டி ஏலத்துக்குப் போனது. அதன் டிரைவர் அன்று மத்தியானமே கறுப்பு வண்டியின் சாவியை வாங்கிக்கொண்டார். மாதச் சம்பளமும் குவார்ட்டர்ஸும் அவருக்கு. அவர் மேல் தப்பே கிடையாது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவளுக்கும் சோதனை ஓட்டம் தெரியும். எந்த வண்டியை வைத்துக்கொள்கிறார்கள் என்று கேட்டாள். கறுப்பு என்றேன். "அப்பாடா" என்று கும்பிட்டாள். அவள் கும்பிட்டதைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை, உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"நாம கடலூருக்குப் போனதையாவது நீங்க சொல்லலையா?" என்றாள்.

சோற்றைப் போடு, நேரமாகிறது என்றேன். போட்டாள்.